ஒரு நாள் மலர்

நிலைத்து நில்லாத ஒன்றுக்காக உழைப்பது வீணா? வீட்டுத் தோட்டத்தில் டேலிலி வளர்ப்போர் இதற்கு விடை அறிவர். கிழக்கு ஆசியாவில் தோன்றிய இச்செடிக்கு 1753-இல் லின்னேயஸ் வழங்கிய பெயர் ‘ஹெமரோகாலிஸ்’. நாள், அழகு என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. காலையில் விரியும் மலர் பெரும்பாலும் இரவுக்குள் வாடிவிடும். ஆயினும் அதே தண்டிலுள்ள மற்ற மொட்டுகள் அடுத்தடுத்து மலர்வதால், செடி சில வாரங்கள் பூத்திருக்கும்.

வாடிய மலரை வளர்ப்பவர் அன்றாடம் கிள்ளி நீக்குகிறார். அது காய்த்தால் செடியின் வலிமை விதைக்குச் சென்றுவிடும். நேற்றைய நற்செயலும் அத்தகையதே. செய்த அன்றே அது நிறைவு பெற்றது. அதன் பெருமையை மனத்தில் சுமப்பவருக்கு இன்றைய கடமைக்கான வலிமை எஞ்சுவதில்லை. மலர் வாடியதால் உழைப்பு வீணாகவில்லை; வாடியதைப் பற்றிக்கொண்டிருந்தால்தான் வீணாகும்.