சாமி பெயரில் ஒரு டின்

1877-இல் ரப்பர் கன்றுகள் நடப்பட்ட எங்கள் கோலா கங்சாரில் பால்மரம் வெட்டியவர் தாத்தா. சுருட்டுகளை மைலோ டின்னில் போட்டு, காய்ந்துவிடாமல் இறுக மூடி, சாமி மேடைக்குக் கீழே வைத்திருப்பார். "முனியாண்டி சாமிக்கு" என்பார். வெள்ளிக்கிழமை சாமிக்கு ஒன்று. மற்ற நாளெல்லாம் அவருக்கு. கடைசியில் இருமி இருமியே போய்ச் சேர்ந்தார்.

டின் என்னிடம் வந்தது. பதினாறு வயதுத் தம்பி கேட்டான்: "சாமி குடிக்கலாம், நான் குடிக்கக்கூடாதாண்ணே?"

18 வயதுக்குக் கீழே புகைக்கக்கூடாது என்று 2024 அக்டோபர் முதல் நாட்டில் சட்டம் உண்டு. ஆனால் அவன் கேட்டது தர்மம்.

நண்பர்களே, படையல் என்பது நமக்குப் பிடித்ததை விட்டுக்கொடுப்பது. தாத்தா கொடுத்தது ஒன்று, சேர்த்தது ஒரு டின். சாமி பெயர் இருந்ததால் அந்த டின்னை யாரும் கேள்வி கேட்கவில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் பக்தி பொய்யில்லை, கணக்குதான் பொய்.

தம்பியிடம் சொன்னேன்: "சாமி எதையும் சேத்து வச்சிக்கிறதில்லடா. நாமதான் வச்சிக்கிறோம்."

திருவிழாவில் மிச்சத்தை முழுவதும் முனியாண்டி முன் வைத்தோம். புதிதாக வாங்கவில்லை. டின்னைக் கழுவிவிட்டேன், வாசனை மட்டும் இன்னும் போகவில்லை.