தன்னை அளப்போன்

கல்முனைக்கு மேற்கே பரந்து கிடக்கும் வயல்களில் விளைந்த நெல்லை மரைக்காலால் அளந்து அவணக் கணக்கிற் கூறிய காலமொன்றிருந்தது. அவ்வளவையில் ஓர் ஒழுங்குண்டு. அளக்கும் மரைக்கால் வேறு, அளக்கப்படும் நெல் வேறு, அளப்போன் வேறு. மரைக்காலிட்டு அளப்பதனால் நெல் பெருகுவதில்லை. அளவாது விடுவதனாற் குறைவதுமில்லை. அளப்போன் களவு செய்யின் நெல்லுக்குரியோன் அதனைக் கண்டுகொள்வான். மனிதன் தன் உள்ளத்தின் ஆற்றலைத் தானே அளக்கப் புகும்போதோ கருவியும் பொருளும் அளப்போனும் ஒன்றாகிவிடுகின்றன. இந்நிலையில் அவ்வளவை எத்துணை மெய்யானதாயிருத்தல் கூடும்? அது மெய்யாக அமைவதற்கு அளப்போனிடம் வேண்டப்படும் நேர்மை எத்தகையது?

இவ்வினா வெறும் ஏட்டளவில் எழுவதன்று. சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவனொருவன் இரவிலே தன் கைத்தொலைபேசியில் ஞாபகப் பயிற்சியொன்றைச் செய்கின்றான் எனக் கொள்க. திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தோன்றி மறைகின்றன. இப்போது தோன்றிய எழுத்து இரண்டு படிகளுக்கு முன்னர் தோன்றியதுதானா என்பதை அவன் கணத்திற் கூறவேண்டும். பிழையின்றிக் கூறினால் இரண்டு மூன்றாகும், மூன்று நான்காகும். நாடோறும் பெற்ற புள்ளியைத் திகதியிட்டு ஒரு கொப்பியிற் குறித்துக் கோடாகவும் வரைகின்றான். முதல் இரு வாரங்களிற் கோடு ஏறுகின்றது. அவன் மகிழ்கின்றான். பின்னர் அது ஓரிடத்தில் நின்றுவிடுகின்றது. ஒருநாள் இறங்கவுஞ் செய்கின்றது. அன்றிரவு அவன் தன்னைப் பற்றி என்ன முடிவுக்கு வருகின்றான் என்பதே இங்கு நோக்கற்பாலது. ஏற்கெனவே பல்கலைக்கழக அனுமதி இஸட் புள்ளியாற் தீர்மானிக்கப்படும் நாட்டில் வாழ்பவன் அவன். எண்ணொன்று தன் வாழ்வைத் தீர்மானிக்கும் என்பதை நம்பப் பழகிய ஒருவனுக்கு, இன்னோர் எண் தன் மூளையின் தரத்தைத் தீர்மானிக்கும் என்று நம்புவது எளிது.

அவ்வெண் உண்மையில் எதனைக் கூறுகின்றது? வந்த செய்தியைச் சிறிது நேரம் மனத்தில் நிறுத்தி அதனைக் கொண்டே வேலை செய்யும் ஆற்றலை உளவியலாளர் தொழிற்படு ஞாபகம் என்பர். அலன் பாடெலியும் கிரஹம் ஹிட்சும் 1974 இல் அதற்கொரு தெளிவான அமைப்பை வகுத்தனர். அதன் கொள்ளளவு மிகச் சிறிது. ஏழு, அதனினும் ஓரிரண்டு கூடவோ குறையவோ என 1956 இல் ஜோர்ஜ் மில்லர் கூறினார். நான்களவே என 2001 இல் நெல்சன் கோவன் திருத்தினார். இத்துணைச் சிறிய பாத்திரத்தைப் பெரிதாக்கலாம் என்ற ஆசை மனிதனுக்கு எழுந்ததில் வியப்பில்லை.

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் எரிக்சன், சேஸ் முதலியோர் நடத்தி 1980 இல் வெளியிட்ட பரிசோதனை இவ்விடத்து மிகவும் பொருந்துவது. ஒருமுறை கேட்ட எண்களை வரிசை பிறழாது திருப்பிச் சொல்லுமாறு மாணவரொருவர் பயிற்றப்பட்டார். தொடக்கத்தில் அவரால் ஏழு எண்களையே கூற முடிந்தது. ஏறத்தாழ 230 மணிநேரப் பயிற்சியின் பின்னர் 79 எண்களைக் கூறினார். அவருடைய கோட்டை வரைந்து பார்ப்போர் எவரும் அவரது ஞாபகம் பதினொரு மடங்கு வளர்ந்துவிட்டதென்றே சொல்வர். ஆனால் எண்களுக்குப் பதிலாக எழுத்துகளைச் சொல்லியபோது அவர் மீண்டும் ஆறளவிலேயே நின்றார். அம்மாணவர் ஓட்டப் பந்தய வீரர். கேட்ட எண்களையெல்லாம் மூன்று நான்காகச் சேர்த்து, இன்ன தூரத்தை ஓட எடுத்த நேரம் இது என்று பொருள்படுத்திக்கொண்டார். வளர்ந்தது பாத்திரமன்று; பண்டத்தை அடுக்கும் திறனே. அத்திறன் எழுத்துகளுக்குப் பயன்படவில்லை.

2008 இல் சூசன் யெகி முதலியோர், மேலே கூறிய எழுத்துப் பயிற்சியை ஒத்த ஒன்றைச் சில வாரங்கள் செய்தோரின் பொது நுண்ணறிவே உயர்ந்ததாக அறிவித்தபோது உலகெங்கும் பெரும் நம்பிக்கை பிறந்தது. வணிகமும் பிறந்தது. பின்னர் ஒப்பீட்டுக் குழுக்களைச் சரிவர அமைத்துச் செய்த ஆய்வுகள் அந்நம்பிக்கையைத் தாங்கவில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2013 இல் மெல்பி லெர்வாக், ஹியூம் ஆகியோர் கண்ட முடிவு, பயின்ற பணியிலும் அதனை ஒத்தவற்றிலும் முன்னேற்றம் உண்டு, வாசிப்புக்கோ கணிதத்துக்கோ அது இடமாறுவதாகத் தெரியவில்லை என்பது. லுமோசிட்டி என்னும் மூளைப் பயிற்சி விளையாட்டுகளை விற்ற நிறுவனம், ஆதாரமின்றி விளம்பரஞ் செய்தது என்ற குற்றச்சாட்டின்பேரில் 2016 இல் அமெரிக்க அரசின் வணிக ஆணைக்குழுவுக்கு 20 இலட்சம் டொலர் செலுத்த இணங்கியது. அதே ஆண்டு வெளிவந்த மற்றோர் ஆய்வு இன்னுங் கூர்மையானது. மூளைப் பயிற்சி அறிவை வளர்க்கும் என்று எழுதிய விளம்பரத்தைக் கண்டு வந்தோர் ஒரு மணிநேரப் பயிற்சியிலேயே நுண்ணறிவுச் சோதனையில் உயர்ந்தனர். அவ்வாறு எதுவும் கூறாத விளம்பரத்தைக் கண்டு வந்தோர் அதே பயிற்சியைச் செய்தும் உயரவில்லை. உயர்த்தியது எதிர்பார்ப்பு. மரைக்கால் நெல்லை மாற்றாது. இங்கோ அளக்கப்படுவோம் என்ற எண்ணமே அளக்கப்படுவோனை மாற்றிவிட்டது.

இவற்றையெல்லாம் அறியாமலே, நூறாண்டுகளுக்கும் முன்னர் ஒருவர் தம்மைத்தாமே இவ்வகையில் அளந்திருக்கின்றார். வில்லியம் ஜேம்ஸ் 1890 இல் வெளியிட்ட தமது உளவியற் பெருநூலில் அதனைக் கூறுகின்றார். விக்டர் ஹியூகோவின் கவிதையொன்றில் 158 அடிகளை எட்டு நாட்களில் மனனஞ் செய்தார். ஓரடிக்கு ஏறத்தாழ 50 விநாடி சென்றது. பின்னர் 38 நாட்கள், நாளொன்றுக்கு இருபது நிமிடத்துக்கு மேலாக, மில்டனின் பெருங்காப்பியத்து முதற் காண்டம் முழுவதையும் நெட்டுருச் செய்து தம் ஞாபகத்தைப் பயிற்றினார். அதன்பின் ஹியூகோவின் அடுத்த 158 அடிகளுக்குத் திரும்பினார். இம்முறை ஓரடிக்கு 57 விநாடி சென்றது. பயிற்சியின் பின்னர் அவர் மெதுவாகிவிட்டார்! அவ்வேளையில் வேறு வேலைகளாற் களைத்திருந்ததாகவும் அவர் எழுதுகின்றார். இந்தச் சமாதானத்தை ஒவ்வொருவரும் தத்தம் கொப்பியில் எழுதுவதுண்டு: நேற்று நித்திரை குறைவு, இன்று தலையிடி, ஆகவே இந்நாளின் புள்ளி கணக்கிலில்லை. ஆனால் புள்ளி உயர்ந்த நாளில், நேற்று நன்றாக உறங்கியதனால் இது கணக்கிலில்லை என்று எழுதியவர் யார்? ஜேம்சின் சிறப்பு, காரணத்தைச் சொன்னதோடு நில்லாது 57 என்ற எண்ணையும் அழியாது வைத்து, வேறு சிலரையும் அதே பரிசோதனையைச் செய்வித்தமையாகும்.

தமிழ் மரபிலே கவனத்தையும் ஞாபகத்தையும் ஒருங்கே பயிற்றிய கலை அவதானம். ஒரே வேளையில் பலர் பலவற்றை வினவ, ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பாப் பாடச் சொல்ல, ஒருவர் கணக்குக் கொடுக்க, முதுகில் விழும் பூக்களையும் ஒலிக்கும் மணியையும் எண்ணிக்கொண்டே அனைத்துக்கும் விடை கூறுவர். எட்டுக்கு அட்டாவதானம், பத்துக்குத் தசாவதானம், நூறுக்குச் சதாவதானம் எனத் தரங்கள் இதற்குமுண்டு. ஆயினும் அவதானி தன் தரத்தைத் தானே குறித்துக்கொள்வதில்லை. சபையே அதனைக் காணும். நாஞ்சில் நாட்டு இடலாக்குடியிற் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907 இல் சென்னை விக்டோரியா மண்டபத்திற் சதாவதானம் செய்தார். யாழ்ப்பாணத்திலிருந்து சென்று சென்னையில் வாழ்ந்த நா. கதிரைவேற்பிள்ளையும் சதாவதானி எனப் பெயர்பெற்றவர், திரு.வி.க.வின் ஆசிரியர். வள்ளலார் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்ற பெரும் வழக்கெழுந்தபோது இவ்விருவரும் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்றனர். நூறு பொருள்களை ஒருங்கே மனத்தில் நிறுத்தவல்ல இருவர் ஒரே வினாவுக்கு மாறுபட்ட விடை கண்டனர் என்பது, அவதானம் எதைத் தரும், எதைத் தராது என்பதற்கு ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றினும் நல்ல சான்று. மனத்தின் அகலம் வேறு. அது சென்று சேரும் முடிவு வேறு.

ஆயின், தன்னைத் தான் கணக்கிடுதலே வீண் என்று கூறலாமோ? அவ்வாறு கூறின் கரையோர ஊர்களின் சமய மரபு அதனை ஏற்காது. முஹாஸபா எனப்படும் தற்கணக்கு இஸ்லாமிய ஒழுக்கவியலில் மிகப் பழையது. ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்முஹாஸிபி அதனாலேயே அப்பெயர் பெற்றார். இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் அதற்கெனத் தனிப் பகுதியொன்றை ஒதுக்கியுள்ளார். கல்முனைக் கடைத்தெருவின் வணிகர் எவருக்கும் எளிதில் விளங்கும் உவமையொன்றை அவர் கையாள்கின்றார். மனிதன் தன் நஃப்ஸோடு வாணிபக் கூட்டுச் சேர்ந்தவன். கடமைகள் முதல், உபரி வணக்கங்கள் இலாபம், பாவங்கள் நட்டம். கூட்டாளியோடு கணக்குப் பார்ப்பதுபோல நாளிறுதியில் அதனோடு கணக்குப் பார்க்கவேண்டும். இவ்வுவமையின் உயிர்நிலை ஒன்றுண்டு. அந்தக் கூட்டாளி ஏமாற்றக்கூடியவன் என்பது முதலிலேயே ஒப்புக்கொள்ளப்பட்டுவிடுகின்றது. கணக்குப் பார்ப்பதே அவன்மீது கொண்ட ஐயத்தினால். கைத்தொலைபேசியின் வரைபடத்திலோ அந்த ஐயத்துக்கு இடமில்லை. அங்கே கணக்கெழுதுவோன் வாடிக்கையாளன். ஏடு விற்பனைப் பண்டம். கோடு ஏறினாற்றான் அவன் மறுமாதமும் பணங் கட்டுவான்.

பிறிதொரு வேறுபாடும் உண்டு. முஹாஸபாவில் வினவப்படுவது யாது செய்தாய் என்பது. ஞாபகப் பயிற்சியில் வினவப்படுவது நீ எவ்வளவு என்பது. முதல் வினாவுக்கு மனிதன் விடை கூற முடியும். தவறியிருப்பின் நாளை திருத்தலாம். இரண்டாவதற்கு அவனிடம் விடையில்லை, ஓர் எண் மாத்திரமே உண்டு. அவ்வெண்ணும் எழுத்துகளைத் திரையிற் கண்டு பிடிக்கும் பழக்கத்தைப் பற்றியது. அதனைத் தன் அறிவின் மொத்த விலையாகக் கொள்பவன் தனக்கே அநீதி செய்கின்றான். பிறர் அவனுக்கு அவ்வாறு விலை குறிப்பின் அவன் சினப்பான்; தானே குறிக்கும்போது அதனை அடக்கம் என எண்ணிக்கொள்கின்றான். நோயினின்று தேறுபவனுக்கு மருத்துவர் நாடோறும் எழுதிவைக்கும் குறிப்பு பயனுள்ளதன்றோ எனின், ஆம். அங்கே அளப்போன் வேறொருவன், அளவை எதற்கென்பதும் தெளிவு. அம்மாணவனுங்கூடத் தன் கொப்பியைக் கொண்டு நித்திரை குறைந்த நாளிற் கவனம் குறைவதைக் கண்டு நேரத்தோடு உறங்கச் செல்வானாயின், அக்கொப்பி நெல்லுக்கேற்ற மரைக்காலே.

இந்த ஊர்களிலே ஞாபகத்தைப் பயிற்றும் பெரும் பணி குர்ஆன் மனனம். சிறுவர் 114 அத்தியாயங்களையும் ஆண்டுக்கணக்கிற் பாடமாக்குகின்றனர். அன்றைய புதுப் பாடம், அண்மைப் பாடம், பழம் பாடம் என மூன்றையும் உஸ்தாதிடம் ஒப்புவிக்கவேண்டும். ஓதியவனே தன் பிழையை எண்ணுவதில்லை, கேட்பவர் எண்ணுகின்றார். முன்னேற்றம் ஒருமுறை வந்தால் நிலைத்துவிடும் என்ற எண்ணத்துக்கும் அங்கே இடமில்லை. கட்டி வைத்த ஒட்டகத்தினும் விரைந்து நழுவிவிடும் என்று நபிகள் நாயகம் உவமை கூறியிருப்பதனால், ஹாபிழ் ஆனவனும் நாடோறும் மீட்டி ஓதிக்கொண்டேயிருக்கின்றான். பயிற்சியை விட்டாற் பயன் தேய்வதை எபிங்ஹவுஸ் 1885 இல் தம்மையே பரிசோதனைப் பொருளாக்கி அளந்து வெளியிட்டார். ஓதற்பள்ளிகள் அதனை அளவாமலே ஒழுங்காக்கியிருந்தன.

றமழான் இரவுகளில் தறாவீஹ் தொழுகையை ஹாபிழ் ஒருவர் முன்னின்று நடத்துவார். முதல் வரிசையில் அவருக்குப் பின்னால் இன்னொரு ஹாபிழ் நிற்பார். நெடிய அத்தியாயமொன்றின் நடுவே, ஒத்த சொற்களையுடைய இரு வசனங்களுள் ஒன்றிலிருந்து மற்றதற்கு இமாமின் நா வழுகிவிடுவதுண்டு. பின்னால் நிற்பவர் சரியான சொல்லை எடுத்துக் கொடுப்பார். இமாம் அதனை ஏற்று அவ்விடத்திலிருந்தே மீண்டும் ஓதிச் செல்வார். பின்வரிசையில் நிற்கும் சிறுவர் பலருக்கு அங்கொரு பிழை நிகழ்ந்ததே தெரிந்திராது. தொழுகை முடிந்து வீடு திரும்பும் வழியில் அன்று எத்தனை இடங்கள் தவறின என்று எவரும் எழுதி வைப்பதில்லை. தவறிய இடத்தை மட்டும் அந்த ஹாபிழ் மறுநாள் பகலிற் பலமுறை ஓதிக்கொள்வார்.