அமைதியும் அயலாரும்

பட்டணத்துச் சந்தடியை விட்டு விலகி, ஒரு தாமானில் வீடு வாங்கிக் குடியேற வேண்டும் என்பது நம் வியாபார சகோதரர்கள் பலரின் ஆசை. ஆசையில் குற்றமில்லை. நாளெல்லாம் கடையில் நின்றவன் இரவில் சத்தமில்லாத இடத்தில் கண்ணை மூட நினைப்பது நியாயமே. ஆனால் வீடு வாங்குமுன் விலையையும், வங்கிக் கடனையும், கூரையையும், குழாயையும் துருவித் துருவி விசாரிக்கும் நாம் ஒன்றை மட்டும் விசாரிப்பதில்லை. அந்த அமைதி எப்படி உண்டாகிறது? அதற்கு விலை கொடுப்பவர் யார்? இதைப் பற்றிச் சற்றே சிந்திப்போம்.

நம் முன்னோர் இந்நாட்டில் கடையும் குடித்தனமுமாக ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவர்கள். கீழே கடை, மேலே படுக்கை, முன்னால் அஞ்சடி. பினாங்கில் 1801-ல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைச் சுற்றியும், கோலாலம்பூரில் 1863-ல் தோன்றிய மஸ்ஜித் இந்தியாவைச் சுற்றியும் அவர்கள் வாழ்வு அமைந்தது. பிறகு காலம் மாறிற்று. 1950-களில் பெட்டாலிங் ஜெயாவும், 1970-களில் சுபாங் ஜெயாவும் எழுந்தன. 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999 முடிவோடு நீங்கியபோது, ஜோர்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் குறைந்த வாடகைக்கு இருந்த குடும்பங்கள் பல வெளியேறின. 1995-ல் கொமுட்டர் ரயில் ஓடத் தொடங்கியது. 2017-ல் காஜாங் வரை எம்.ஆர்.டி. ரயில் முழுமையாக ஓடிற்று. கடை ஓரிடம், வீடு வேறிடம் என்பது இன்று சர்வ சாதாரணம்.

அந்தத் தாமானின் ஒரு நாளைப் பாருங்கள். சுபுஹு தொழுகை முடிந்த கொஞ்ச நேரத்திற்கெல்லாம் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்புகின்றன. ஸ்டேஷனில் கார் நிறுத்த இடம் கிடைப்பதில்லை. ஒன்பது மணிக்குத் தெருவில் ஆளரவம் இல்லை. ரொட்டிக்காரரின் மோட்டார் சைக்கிள் ஹாரனும், பழைய பத்திரிகை வாங்குகிற லாரியின் ஒலிபெருக்கியும் வந்து போகும். மற்றபடி வரிசை வரிசையாகப் பூட்டிய இரும்புக் கதவுகள்தாம். மாலையில் கார்கள் திரும்புகின்றன, கதவுகள் திறந்து மூடுகின்றன. கடைக்காரரான நாமோ இரவு பத்து மணிக்குக் கணக்கு முடித்து வீடு சேரும்போது தெரு முழுவதும் உறங்கிவிடுகிறது.

இந்த அமைதியில் நன்மை உண்டு. அதை மறைத்துப் பேசக் கூடாது. கடை மாடியில் பத்துப் பேர் ஓர் அறையில் முடங்கிக் கிடந்த காலத்தை இனிக்க இனிக்கப் பேசுவோர், அங்கே இருந்த மூட்டைப் பூச்சியைப் பேசுவதில்லை. பெண்களுக்குக் காலாற நடக்க முற்றம் இல்லை. பிள்ளைகளுக்குப் படிக்க மூலை இல்லை. ஒரு வீட்டில் குரல் உயர்ந்தால் ஊருக்கே செய்தி போய்விடும். தாமானில் பிள்ளை படிக்கிறது. வீட்டு மானம் வீட்டுக்குள் இருக்கிறது. அல்ஹம்து லில்லாஹ், இது நிஃமத்துதான்.

ஆனால் அமைதியைப் புகழ்கிறவர் யார் என்று கவனியுங்கள். உறங்குவதற்கு மட்டும் அங்கே வருகிறவர் புகழ்கிறார். பகல் முழுவதும் அதற்குள் இருப்பவர் யார்? ஊரிலிருந்தோ பழைய தெருவிலிருந்தோ அழைத்து வந்து வைத்திருக்கிற வயதான உம்மா. வேலையிலிருந்து ஓய்ந்துவிட்ட வாப்பா. கைக்குழந்தையோடு இருக்கும் மருமகள். பழைய தெருவில் அந்த உம்மா ஜன்னலைத் திறந்தால் நாலு பேர் ஸலாம் சொல்லிப் போவார்கள். இங்கே ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுப் பூட்டு தெரிகிறது. நமக்கு எட்டு மணி நேர நிம்மதி. அவருக்குப் பதினான்கு மணி நேரத் தனிமை. விலை கொடுப்பவர் அவர்தாம்.

இங்கேதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி பிறக்கிறது. ‘நான் யாருக்கும் தொந்தரவு கொடுப்பதில்லை, எனக்கும் யாரும் தொந்தரவு கொடுப்பதில்லை. நான் நல்ல அயலான் அல்லவா?’ என்று தாமான்வாசி கேட்கிறார். தீங்கு செய்யாதிருப்பது நல்ல குணம்தான், சந்தேகமில்லை. ஆனால் பூட்டிக் கிடக்கும் காலி வீடும் யாருக்கும் தொந்தரவு கொடுப்பதில்லையே! தீங்கு செய்யாமை மட்டும் போதுமென்றால், அயலானுக்கும் காலி வீட்டுக்கும் வித்தியாசம் என்ன?

வியாபாரிகளாகிய நமக்கு இது எளிதில் விளங்கும். ரொக்கம் கொடுத்துச் சாமான் வாங்கிப் போகிறவர் வழிப்போக்கர். நாளை வரலாம், வராமலும் போகலாம். பற்று வரவு வைத்திருப்பவரோ நம் வாடிக்கையாளர். அவருடைய பிள்ளை பெயர் நமக்குத் தெரியும். பத்து நாள் வராவிட்டால் சுகமில்லையோ என்று விசாரிப்போம். பணக் கணக்கில் கடன் இல்லாமல் இருப்பது நல்லது. உறவுக் கணக்கில் அப்படியல்ல. அங்கே எப்போதும் கொஞ்சம் நிலுவை இருக்க வேண்டும். நம் பெண்கள் இதை ஏட்டில் எழுதாமலே அறிந்தவர்கள். அடுத்த வீட்டுத் தட்டு நம் வீட்டுக்கு வந்தால் வெறும் தட்டாகத் திருப்பித் தரமாட்டார்கள். இரண்டு பழமாவது வைத்துத்தான் கொடுப்பார்கள். அதனால் கணக்கு தீர்வதே இல்லை. தட்டு போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கிறது. தாமானில் எவரும் எவருக்கும் எதுவும் தரவேண்டியதில்லை. அதைப் பெருமையாக எண்ணுகிறோம். உண்மையில் அது வழிப்போக்கர்கள் கூடியிருக்கும் இடமாகிவிடுகிறது.

2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, தாமான்வாசிகள் அனைவரும் பகலிலும் வீட்டில் இருந்தார்கள். பல ஆண்டு பக்கத்தில் இருந்தவர்கள் அப்போதுதான் ஒருவர் முகத்தை ஒருவர் வேலிக்கு மேலாகப் பார்த்தார்கள். 2021 நடுப்பகுதியில் நிலைமை முற்றியபோது, உணவுக்கு வழியில்லாதவர்கள் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டுங்கள் என்று ஓர் இயக்கம் நாடெங்கும் பரவிற்று. கொடி கண்ட இடத்துக்கு அரிசியும் முட்டையும் எண்ணெயும் கொண்டு ஓடினார்கள். இந்நாட்டு மக்களின் இரக்கத்துக்கு அது சாட்சி. அதே சமயம், பக்கத்து வீட்டில் பசி இருக்கிறது என்பதைத் தெரிவிக்க ஒரு துணி வேண்டியிருந்ததே! இரக்கம் நம்மிடம் குறையவில்லை. அறிமுகம்தான் குறைந்திருந்தது. அடுப்பு எரியவில்லை என்று அறியக்கூடிய தூரத்தில் இருந்துகொண்டே அறியாமல் இருந்தோம்.

மார்க்கம் இதில் நமக்குத் தெளிவான வழி காட்டியிருக்கிறது. திருக்குர்ஆனின் நிஸா அத்தியாயம் 36-ஆம் வசனம், உறவினரான அயலாரையும், உறவில்லாத அந்நிய அயலாரையும் தனித்தனியே குறிப்பிட்டு இருவருக்கும் உபகாரம் செய்யப் பணிக்கிறது. ஜிப்ரீல் (அலை) அவர்கள் அயலாரைப் பற்றி ஓயாமல் வலியுறுத்தியதால், அயலாரை வாரிசாகவே ஆக்கிவிடுவார்களோ என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணும்படி ஆயிற்று என்பதை மதரஸாவில் ஓதிய சிறுவனும் அறிவான். தன் வாரிசின் பெயர் தெரியாத மனிதர் எங்கேனும் உண்டா? ஆணத்தில் தண்ணீரைக் கூட்டி அயலாருக்கும் கொடுக்கச் சொன்ன மார்க்கம் இது. கொடுப்பதற்குச் செல்வம் வேண்டியதில்லை என்பது அதிலேயே விளங்குகிறது.

‘பக்கத்தில் இருப்பவர் சீனர், எதிரே இருப்பவர் வேறு சமயத்தார். நாம் போய்ப் பேசினால் என்ன நினைப்பாரோ, நாம் கொடுப்பதை உண்பாரோ’ என்று சிலர் தயங்குகிறார்கள். தயக்கத்திலும் மரியாதை இருக்கிறது. அதை இகழ வேண்டாம். ஆனால் வசனம் சொல்லும் அந்நிய அயலார் இவர்தாமே! சீனப் புத்தாண்டுக்கு அவர் தரும் ஆரஞ்சுப் பழத்தில் யாருக்கும் தடை இல்லை. நாம் தரும் பழத்திலும் இல்லை. ‘அடுத்தவர் விஷயத்தில் தலையிடலாமா?’ என்று வேறு சிலர் கேட்கிறார்கள். தலையிடுவது வேறு, தலைகாட்டுவது வேறு. அவர் வீட்டுச் சண்டையை அறிய வேண்டாம். அவர் வீட்டில் படுத்த படுக்கையாய் ஒருவர் இருக்கிறார் என்பதையாவது அறிந்திருக்க வேண்டும்.

1975-ல் இந்நாட்டில் ருக்குன் தெத்தாங்கா ஏற்பட்டபோது, தெருவாசிகளே முறைவைத்து இரவுக் காவல் சுற்றினார்கள். இன்று பல தாமான்களில் மாதப் பணம் கட்டிக் காவலாளி வைத்திருக்கிறோம். திருடனைத் தடுக்க அது போதும். இரவு இரண்டு மணிக்கு வாப்பாவுக்கு மூச்சு முட்டினால், வாசலில் இருக்கும் காவலாளியையா எழுப்புவது? பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். முன்பின் பேசியிராத கதவைத் தட்டக் கை கூசும்.

ஆகவே சகோதரர்களே, தாமானில் வீடு வாங்குங்கள், அமைதியை அனுபவியுங்கள். அத்துடன் இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு, எதிரே ஒன்று என ஐந்து வீட்டாரின் பெயரையாவது அறிந்துகொள்ளுங்கள். வாரத்தில் ஒரு மாலையாவது கடையைப் பிள்ளையிடமோ பணியாளரிடமோ ஒப்படைத்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்புங்கள். உம்மாவோடு தெருவில் நடந்து, எதிர்ப்பட்டவரை அவருக்கு அறிமுகம் செய்து வையுங்கள். நோன்பு மாதத்தில் ஒரு தூக்குக் கஞ்சி பக்கத்து வீட்டுக்கும் போகட்டும். ஊருக்குப் போகும்போது வீட்டைப் பார்த்துக்கொள்ளும்படி அயலாரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பது கௌரவக் குறைவல்ல. நாம் முதலில் கேட்டால்தான், நாளை நம்மிடம் கேட்க அவருக்கும் வாய் வரும்.

வல்ல நாயன் நம் வீடுகளில் அமைதியையும், நம் அயலாருக்கு நம்மால் நன்மையையும் தந்தருள்வானாக, ஆமீன்.