நந்தா விளக்கும் கழிமுகமும்

புரட்டாசி மாதத்தில், சென்னையின் சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து திருமலைக்குப் புறப்படும் திருக்குடைகள் மாலைப் பொழுதில் யானைக்கவுனியைத் தாண்டும்போது, வால்டாக்ஸ் சாலையின் இருமருங்கிலும் நெருங்கி நிற்கும் ஜனங்களுடைய உதடுகள் மெல்ல அசைவதைப் பல வருஷங்களாகப் பார்த்து வருகிறேன். மகளுக்கு வரன், மகனுக்கு உத்தியோகம், அடகிலிருக்கும் வீடு என்று அவரவர் உள்ளத்தில் அவரவர் விண்ணப்பம். சென்ற வருஷம் அவ்வாறு நின்றபோது என் சட்டைப்பையில் வேறொரு விண்ணப்பமும் இருந்தது. எண்ணூர்க் கழிமுகத்தையும் அதைச் சார்ந்த உப்பங்கழி நிலங்களையும் காப்பதற்கு வரவு செலவுத் திட்டத்தில் பணம் ஒதுக்க வேண்டுமென்று சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதிய கடிதம் அது. பக்கத்தில் நின்ற நண்பர் அதை வாங்கிப் படித்துவிட்டு, "குடை பார்க்க வந்த இடத்தில் இந்த லௌகிகம் எதற்கு ஐயா?" என்றார். விளையாட்டாகக் கேட்டாரெனினும், அவர் கேட்டது தர்ம விசாரணைக்குரிய கேள்வி.

விண்ணப்பம் என்னும் சொல் நம் மொழியில் ஆண்டவனுக்கும் ஆள்வோருக்கும் பொதுவாக வழங்குகிறது. யானைக்கவுனிக்கு அருகில், ஏழுகிணற்றில் வாழ்ந்த இராமலிங்க அடிகள் தம்முடைய உரைநடைப் பிரார்த்தனைகளுக்கே விண்ணப்பம் என்று பெயரிட்டார். ஆயினும் கடவுளிடம் கேட்பதைப் பக்தி என்றும், அரசிடம் கேட்பதை யாசகம் என்றும் நாம் பிரித்து வைத்திருக்கிறோம். வள்ளுவரும் 'இரவு' என ஓர் அதிகாரம் வகுத்து இரத்தலுக்கு இடங்கொடுத்துவிட்டு, அடுத்த அதிகாரத்தையே 'இரவச்சம்' என்று வைத்தார். ஆகவே, தனி ஒருவருக்கும் சொந்தமில்லாத ஒரு சேற்று நிலத்துக்காக ஆள்வோர்முன் கை நீட்டுவது அறமாகுமா என்ற ஐயம் எழுவது இயல்பே.

எனக்குத் தோன்றுவது இது. கோயில் சொத்து மூர்த்திக்கு உரியது. சட்டமோ அந்த மூர்த்தியை என்றும் வயது வராத குழந்தையாகக் கருதி, அதன் சொத்தைப் பரிபாலிக்கத் தர்மகர்த்தாவை நிறுத்துகிறது. சந்நிதியில் விளக்கு எரியவில்லையே என்று தர்மகர்த்தாவைக் கேட்கும் சேவார்த்தியை எவரும் இரவலன் என்று இகழ்வதில்லை. ஆறும் கழியும் கடற்கரையும் இத்தகைய உடைமைகளே. அவற்றை ஜனங்களின் பொருட்டு வைத்துக் காக்கும் பொறுப்பாளரே அரசு என்னும் கருத்தை, 1996-இல், இமாசலத்துப் பியாஸ் நதி பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது. கழிமுகத்துக்கு வாயில்லை, இனிப் பிறக்கவிருக்கும் குழந்தைகளுக்கு வாக்குரிமை இல்லை. அவர்களுக்காகப் பேசுகிறவன் கணக்குக் கேட்கிறானேயன்றிப் பிச்சை கேட்கவில்லை.

அப்படியானால் பணம் எதற்கு, இயற்கையை அதன் போக்கில் விட்டுவிட்டால் போதாதா என்று கேட்கலாம். இதற்கு மறுமொழி திருவொற்றியூர்க் கோயிற் சுவர்க் கல்வெட்டுகளில் இருக்கிறது. சோழர் காலத்தில் நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, ஒன்று ஏற்ற விரும்பியவர், ஈசன் சோதிமயமானவன், அவன் விளக்கை அவனே எரித்துக்கொள்வான் என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. பொன்னை ஊர்ச் சபையாரிடம் முதலாக வைத்து அதன் பலிசையால், அதாவது வட்டியால், எண்ணெய்க்கு வழி செய்தார், அல்லது தொண்ணூறோ தொண்ணூற்றாறோ ஆடுகளை இடையரிடம் ஒப்படைத்து நாள்தோறும் உழக்கு நெய் வரும்படி ஏற்பாடு செய்தார். ஆடு செத்தாலும் குட்டி அதன் இடத்தில் நிற்கவேண்டும் என்பதால் அவற்றுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். பக்தி எவ்வளவு பெரிதாயினும், இவ்வாறு முதல் வைத்துச் செய்யும் நிவந்தம் இல்லாத விளக்கு ஒரு மழைக்காலத்தைக்கூடத் தாண்டாது என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

நிவந்தமில்லாத நிலம் என்னவாகும் என்பதற்கு யானைக்கவுனிக்காரர்கள் தொலைவில் சாட்சி தேட வேண்டியதில்லை. 1859-இல் கவர்னராக வந்த சார்லஸ் டிரெவிலியன் முயற்சியால் நூறு ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில், குளங்களும் நிழற்பாதைகளுமாக உருவானது பீப்பிள்ஸ் பார்க். அதனுள் இருந்த மிருகக்காட்சி சாலையைத்தான் எங்கள் பாட்டிமார் உயிர் காலேஜ் என்றார்கள். மாநகராட்சிக் கட்டடம், மூர் மார்க்கெட், ரயில்வே, விளையாட்டரங்கம் என்று ஒவ்வொன்றும் தனித்தனியே நியாயமான காரணத்தோடு வந்து ஒரு துண்டைக் கேட்டது. சும்மா கிடக்கும் இடந்தானே என்று ஒவ்வொரு துண்டும் கொடுக்கப்பட்டது. கோட்டைச் சுவரும் வாயிலும் போய்க் கவுனி என்ற பெயர் நின்றதுபோல, பூங்கா போய்ப் பார்க் டவுன் என்ற பெயர் நிற்கிறது.

எண்ணூரில் இன்று நடப்பதும் அதுவே. கொசஸ்தலையாறு கடலைச் சேருமிடத்தில் இறாலும் நண்டும் மடவையும் விளைந்த கழியில், அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஆழம் குறைந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து பரவியபோது, காட்டுக்குப்பத்து மீனவர்களின் படகுகளும் வலைகளும் கறுத்துப்போயின. ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பணம் போதாத நாட்டில் நாரைக்கும் கண்டல் மரத்துக்கும் செலவிடுவது கருணையா, ஆடம்பரமா என்று கேட்பவர்களின் கேள்வியை நான் அலட்சியம் செய்யமாட்டேன். 1867-இல் வடலூரில் தருமச்சாலை தொடங்கிப் பசித்தவனுக்குச் சோறிட்ட இராமலிங்க அடிகளே ஜீவகாருண்யத்தை எல்லா உயிர்க்கும் விரித்துரைத்தார். 1976-ஆம் ஆண்டின் திருத்தத்தால் உயிர்களிடத்துப் பரிவு நம் அரசியல் சாசனத்திலும் குடிமக்களின் கடமையாக இடம்பெற்றது. மேலும், கழி என்பது காட்டுக்குப்பத்தின் சமையலறை. வெள்ளம் வடிவதற்கு வடசென்னைக்கு இருக்கும் வாசல். அதைக் காப்பது பசித்தவனுக்குச் சோறிடுவதிலிருந்து வேறான தர்மம் அன்று.

நிவந்தத்தை ஒருமுறை எழுதிவைத்தால் போதும் என்றும் இருந்துவிட முடியாது. அமெரிக்க நாட்டார் 1964-இல் நிலத்தையும் நீரையும் காப்பதற்கென ஒரு நிதியைச் சட்டத்தால் அமைத்து, பின்னாளில் கடலடி எண்ணெய் வருவாயிலிருந்து ஆண்டுக்குத் தொண்ணூறு கோடி டாலர் வரை அதற்கு உரியதாக்கினர். எனினும் பெரும்பாலான ஆண்டுகளில் அத்தொகை முழுவதும் அந்தக் காரியத்துக்குக் கொடுக்கப்படவில்லை. முழுத்தொகையும் தவறாமல் சேரவேண்டும் என்ற சட்டம் 2020-இல்தான் பிறந்தது. இடையன் நெய் அளக்கிறானா என்று பார்க்க ஊரில் ஆள் வேண்டும் என்பதுதான் இதன் பொருள். நம் சட்டமன்றத்தில் ஒவ்வொரு துறையின் செலவும் மானியக் கோரிக்கை என்ற பெயராலேயே சபைமுன் வருகிறது. தேவதானமாகவும் இறையிலியாகவும் நிலம் விடப்பட்ட காலத்து மானியம் என்ற சொல் இன்னும் அங்கே உயிரோடிருக்கிறது. அதன் பொருளை உறுப்பினர்களுக்கு நினைவூட்டுவதே என் கடிதத்தின் வேலை.

அப்பழைய கோயிற் சாசனங்களின் முடிவில் ஒரு வழக்கம் உண்டு. தானம் கொடுத்தவர் அரசரேயாயினும், வருங்காலத்தில் இந்தத் தர்மத்தைக் காப்பவன் எவனோ, அவனுடைய பாதங்கள் தம் தலைமேல் என்று எழுதிவைப்பார். தாம் காணப்போகாத ஓர் அதிகாரிக்கு, தமக்கு எவ்விதப் பயனும் கருதாமல், கல்லில் எழுதிய விண்ணப்பம் அது. குடைகள் கவுனியைத் தாண்டிப் போனபின் கடிதத்தை நண்பரிடமிருந்து வாங்கிக்கொண்டு இதைத்தான் அவருக்குச் சொன்னேன். பொன்னையும் ஆட்டையும் கொடுத்தவர்களே அப்படித் தலை தாழ்த்தியிருக்க, கேட்க மட்டுமே வல்ல நான் ஒரு கடிதத்தளவு பணிவதில் என்ன குறை?