பாலம் அகன்ற பின் நிலம் யாருக்கு?

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தை உலகம் நியூயார்க் நகரத்தைக் கொண்டே அறிகிறது. அந்த மாநிலத்தின் நடுவே வேறொரு உலகம் இருக்கிறது. உப்புக் காய்ச்சிப் பிழைத்து, 1825-இல் திறக்கப்பட்ட ஈரி கால்வாயால் செழித்து, எஃகும் குளிர்சாதன இயந்திரங்களும் மின்னணுக் கருவிகளும் செய்து வாழ்ந்த சிரக்யூஸ் நகரம் அந்த உலகத்தைச் சேர்ந்தது. கேரியர், ஜெனரல் எலக்ட்ரிக், குரூசிபிள் ஸ்டீல் ஆகிய நிறுவனங்களின் ஆலைகள் அங்கே பல தலைமுறைகளுக்குச் சோறு போட்டன. 1950-இல் 2,20,583 பேர் வாழ்ந்த அந்நகரில் 2020-இல் எஞ்சியவர்கள் 1,48,620 பேர். தேய்ந்துபோன இந்த நகரத்தின் நடுவயிற்றில், வீடுகளின் தலைக்கு மேலே, ஏறத்தாழ இரண்டே கால் கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மேம்பாலச் சாலை போகிறது. 1960-களில் எழுந்த அந்த 81-ஆம் எண் தேசிய விரைவுச்சாலைப் பாலத்தை இடித்துவிட்டு, தரையில் சாதாரணத் தெருக்களை அமைக்க அரசு முடிவு செய்து, 2023-இல் பணிகளைத் தொடங்கியது. அந்தப் பாலம் கட்டப்பட்டது ஒரு தவறு என்பதை இன்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் தான் செய்த தீங்கை அரசு விலக்கிக்கொண்டால் அதோடு அதன் கடன் தீர்ந்துவிடுமா என்பது அறம் சார்ந்த கேள்வி. பாலம் அகன்றதும் வெளிப்படும் நிலமும் அதன் ஏறும் மதிப்பும் யாருக்குச் சேர வேண்டும் என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லாதவரை, இடிப்பது பாதி நியாயமாகவே நிற்கும்.

அந்த நிலத்துக்கு ஒரு வரலாறு உண்டு. பதினைந்தாவது வார்டு என்று அழைக்கப்பட்ட அப்பகுதியில் முதலில் யூதக் குடியேறிகள் வாழ்ந்தனர். பின்னர் தெற்கு மாநிலங்களிலிருந்து வேலை தேடி வந்த கறுப்பின மக்கள் குடியேறினர். நகரின் மற்ற பகுதிகளில் அவர்களுக்கு யாரும் வீடு கொடுக்கவில்லை. வார்டில் வீடு வாங்கவோ பழுது பார்க்கவோ வங்கிகள் கடன் தரவும் மறுத்தன. கடன் மறுக்கப்பட்டதால் வீடுகள் பழுதாயின. பழுதான வீடுகளைக் காட்டி அது சேரி என்று முத்திரை குத்தப்பட்டது. 1949-ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் சேரிகளை இடிப்பதற்குக் கூட்டாட்சி அரசின் பணத்தைத் திறந்துவிட்டது. 1956-ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம், தேசிய விரைவுச்சாலைச் செலவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கைக் கூட்டாட்சி அரசே ஏற்கும் என்றது. நகரத்துக்கும் மாநிலத்துக்கும் இதைவிட மலிவாக ஒரு சாலை கிடைக்க வழியில்லை. சொந்தக் கடைகளும் தேவாலயங்களும் கொண்ட ஒரு முழுச் சமூகம் கலைக்கப்பட்டது. ஏறத்தாழ 1,300 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. புறநகரில் குடியேறிவிட்டவர்கள் காரில் விரைந்து நகரமையத்துக்கு வந்து பொருள் வாங்குவார்கள், ஆகவே நகரம் பிழைக்கும் என்பது கணக்கு. நடந்தது நேர்மாறு. அதே சாலை வழியாக நடுத்தர வர்க்கமும் வரி வருவாயும் நகரைவிட்டு வெளியேறின. ஆலைகளும் ஒவ்வொன்றாக மூடின. பாலத்தின் அடியில் புகையோடும் இரைச்சலோடும் தங்கியவர்கள், வெளியேற வசதி இல்லாதவர்கள் மட்டுமே.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானம், அந்தக் காலத்தில் யாருக்கும் விளைவு தெரியாது என்பது. அது உண்மையல்ல. 1963-இல் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியராக இருந்த ஜார்ஜ் வைலியின் தலைமையில், இன சமத்துவப் பேரவையின் உள்ளூர்க் கிளை இடிப்புப் பணிகளை மறித்துப் போராடியது, பலர் கைதாயினர். வெளியேற்றப்படுபவர்கள் எங்கே போவார்கள் என்று அவர்கள் கேட்டார்கள். கேள்வி அதிகாரிகளின் காதில் விழுந்தது, பதில்தான் இல்லை. பொதுப்பணிக்காக வீடிழப்பவர்களுக்கு நாடு முழுவதும் ஒரே சீரான இழப்பீடும் மறுகுடியமர்வு உதவியும் தரக் கூட்டாட்சிச் சட்டம் வந்தது 1970-இல்தான். அதற்குள் பதினைந்தாவது வார்டு மண்ணோடு மண்ணாகிவிட்டது. தெரியாமல் செய்த பிழைக்கும், எச்சரிக்கப்பட்ட பின்னும் செய்த தீங்குக்கும் அறத்தின் முன் ஒரே எடை கிடையாது. இரண்டாவது வகையில் ஈடு செய்யும் கடமை கூடுதல்.

பாலம் ஆயுள் முடிந்து தளர்ந்தபோது, அதே இடத்தில் புதுப் பாலம் கட்டுவதா, நிலத்தடிச் சுரங்கம் வெட்டுவதா, இடித்துவிட்டுத் தெருக்களாக்குவதா என்று மூன்று வழிகள் முன்வைக்கப்பட்டன. முடிவுக்கு வரப் பத்தாண்டுக்கும் மேல் ஆயிற்று. புறநகர் ஊராட்சிகளும், அவற்றின் வாக்குகளைச் சார்ந்த மாநில அரசியல்வாதிகள் சிலரும் சாலை தொடர்ந்து ஓட வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். 300 கோடி டாலருக்கு மேல் விழுங்கும் என்று மதிப்பிடப்பட்ட சுரங்கத் திட்டம், ஒருமுறை ஒதுக்கித்தள்ளப்பட்ட பிறகும் மறு ஆய்வுக்கு எடுக்கப்பட்டது. இறுதியில் 2022-இல் தெருக்கள் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. மதிப்பீடு 225 கோடி டாலர். அதை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கும் 2024-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. எதிர்த்தவர்களின் வாதத்தை அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது. நெடுஞ்சாலையை நம்பி விடுதியும் கடையும் வைத்தவர்கள் இருக்கிறார்கள். வேலைக்கு விரைந்து போகலாம் என்று நம்பி வீடு வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அரசு அமைத்த சாலையை நம்பியது அவர்கள் குற்றமல்ல. ஆனால் நம்பிக்கைக்கும் உரிமைக்கும் இடையே கோடு உண்டு. அந்தப் பாலத்தில் ஓடிய வண்டிகளில் நகரத்தில் நிற்காமல் கடந்துபோனவை நூற்றுக்குப் பன்னிரண்டு அளவே. அவற்றுக்கு நகரைச் சுற்றி ஏற்கெனவே மாற்று விரைவுச்சாலை இருக்கிறது. மற்றவர்கள் இழப்பது சில நிமிடங்கள். பாலத்தடியில் இருப்பவர்கள் அறுபது ஆண்டுகளாக இழந்து வருவது மூச்சுக்காற்றையும் உறக்கத்தையும். இவ்விரண்டையும் ஒரே தராசில் வைத்து, வண்டிகளின் எண்ணிக்கையால் தீர்ப்புச் சொல்வது நீதியாகாது. இடிக்கும் முடிவு சரியானது.

ஆயினும் இடிப்பது வேறு, ஈடு செய்வது வேறு. ஊர்க் கிணற்றைத் தூர்த்த ஒருவர் அறுபது ஆண்டு கழித்துத் தாமே தூர்வாரிக் கொடுத்துவிட்டு, இனி தண்ணீருக்கு விலை உண்டு என்று சொன்னால் அதை யாரும் பரிகாரம் என்று ஒப்பமாட்டார்கள். சிரக்யூஸில் நேரக்கூடியது இதுதான். பாலத்துக்கு ஒருபுறம் நகரமையம். மறுபுறம் குன்றின்மேல் பல்கலைக்கழகமும் பெரிய மருத்துவமனைகளும். நடுவே ஏக்கர் கணக்கில் வெளிப்படும் நிலம், நகரிலேயே மிகவும் விரும்பப்படும் நிலமாகிவிடும். பாலம் நின்றவரை யாரும் சீந்தாத தெருக்களில் வாடகை ஏறும். பக்கத்து நகரமான ரோச்சஸ்டர் தன் மையத்தைச் சுற்றி ஓடிய பள்ளச்சாலையின் கிழக்குப் பகுதியை 2014 முதல் 2017 வரை மண்ணிட்டு மூடியது. அங்கே அடுக்குமாடிகள் எழுந்தன, அருங்காட்சியகம் ஒன்று விரிவடைந்தது, தெருவில் நடமாட்டம் திரும்பியது. தார்ச்சாலை கிடந்த இடம் எவ்வளவு விரைவாக விலைமதிப்புள்ள மனையாகும் என்பதை அது கண்முன் காட்டிவிட்டது. அந்த மதிப்பு வானத்திலிருந்து விழுவதல்ல. பொதுப்பணத்தால் உண்டாவது; பிறரது இழப்பின்மேல் உண்டாவது. தீமையைச் சுமந்தவர்களே அது நீங்கும்போது வாடகை கட்ட முடியாமல் வெளியேறினால், அரசு ஒரே மக்களை இரண்டாம் முறை துரத்தியதாக ஆகும். இம்முறை புல்டோசருக்குப் பதில் சந்தை விலை.

இதற்கு மறுப்பாக, பதினைந்தாவது வார்டின் பழைய குடும்பங்கள் எப்போதோ சிதறிவிட்டன, இப்போது அங்கே வாழ்பவர்கள் வேறு, ஆகவே யாருக்கு ஈடு கொடுப்பது என்று கேட்கப்படுகிறது. தீங்குக்கு ஆளானவர்களில் இரு தரப்பினர் உண்டு. வீடும் தொழிலும் பறிபோனவர்களும் அவர்கள் வழியினரும் ஒரு தரப்பு. பாலத்தடியில் வாழ்நாளைக் கழித்தவர்கள் இன்னொரு தரப்பு. இருவருமே அடையாளம் காணக்கூடியவர்கள். நிலம் எடுத்தபோது அரசே எழுதிவைத்த ஆவணங்கள் முதல் தரப்பைக் காட்டும். குடியிருப்புப் பதிவேடுகள் இரண்டாம் தரப்பைக் காட்டும். ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரம், தன் வடபகுதியில் நகரப் புதுப்பிப்பால் இடம்பெயர்க்கப்பட்டவர்களுக்கும் அவர்கள் வழிவந்தவர்களுக்கும் அங்கே கட்டப்படும் குறைந்த விலை வீடுகளில் முன்னுரிமை தரும் முறையைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறது. அது குறையற்ற திட்டமல்ல. திரும்பி வருவதற்குள் பலர் வேறு ஊரில் வேர்விட்டுவிட்டார்கள். ஆனால் அடையாளம் காண முடியாது என்ற சாக்கை அது உடைத்துவிட்டது. கணக்குப் பார்க்கக் கடினம் என்பதற்காகக் கடன் இல்லாமற்போகாது.

இன்றைய வரி செலுத்துபவர் அந்தத் தவறைச் செய்யவில்லையே என்பது அடுத்த மறுப்பு. தனிமனிதக் குற்றத்தைப் பற்றிய பேச்சாக இருந்தால் அது செல்லும். ஆனால் அரசு என்பது தலைமுறை கடந்து தொடரும் ஓர் அமைப்பு. முந்தைய தலைமுறை வெளியிட்ட கடன் பத்திரங்களுக்கு இன்றைய வரியிலிருந்து வட்டி கட்டும்போது, அவற்றில் கையெழுத்திட்டவர் நாம் அல்ல என்று எந்த மாநிலமும் சொல்வதில்லை. முதலீட்டாளரிடம் பட்ட கடனுக்கு ஒரு நீதி, ஏழையிடம் பட்ட கடனுக்கு வேறு நீதி இருக்க முடியாது. பணம் இல்லை என்ற வாதமும் நிற்காது. சிரக்யூஸுக்கு வடக்கே கிளே என்ற ஊரில் இருபது ஆண்டுகளில் 10,000 கோடி டாலர் வரை முதலிடுவதாக மைக்ரான் நிறுவனம் 2022-இல் அறிவித்தபோது, அதே மாநிலம் 550 கோடி டாலர் வரை சலுகை தர முன்வந்தது. அந்த முடிவு தவறு என்று சொல்ல வேண்டியதில்லை. தொழில் இழந்த பகுதிக்கு வேலை வேண்டும். ஆனால் வருங்கால லாபத்துக்கு அவ்வளவு தாராளமாகத் திறக்கும் கை, கடந்தகாலக் கடமைக்கு மூடிக்கொள்ளக் கூடாது.

மறுப்புகளில் வலிமையானது வேறொன்று. நிலத்தை முழுக்க ஏழைகளுக்கென்று ஒதுக்கினால் அங்கே வறுமையே குவியும், முதலீடு வராது, வரி வருவாய் வளராது, பள்ளிகளும் தேறாது என்று நகரத்தின்மேல் உண்மையான அக்கறை உள்ளவர்கள் சொல்கிறார்கள். வறுமையை ஓரிடத்தில் அடைத்துவைத்த பழைய பொதுக் குடியிருப்புகளின் அனுபவம் அவர்கள் பக்கம் இருக்கிறது. ஆகவே சந்தையை அடியோடு விலக்குவது விடையாகாது. முன்னுரிமையை வரிசைப்படுத்துவதே விடை. நிலத்தின் உடைமையைப் பொதுவில், அல்லது அங்கு வாழ்பவர்கள் நிர்வாகத்தில் பங்கேற்கும் நில அறக்கட்டளையிடம், நிலையாக வைத்துக்கொண்டு கட்டடங்களுக்கு நீண்டகாலக் குத்தகை தரலாம். பல வருமானத்தாரும் கலந்து வாழும் வீடுகள் எழலாம். ஆனால் பாலத்தையொட்டிய பொதுக் குடியிருப்புகள் மீண்டும் கட்டப்படும்போது, இப்போது அங்கிருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் திரும்பி வரும் உரிமை எழுத்தில் இருக்க வேண்டும். மதிப்பு ஏறுவதில் ஒரு பங்கு பழைய வார்டின் வழியினர் வீடு வாங்கவும் கடை தொடங்கவும் முதலாகத் திரும்ப வேண்டும். இப்படிச் செய்தால் முதலீடும் வரும், அதன் பலன் உரியவரையும் சேரும். உள்ளூர் மக்களைக் கேட்டால் திட்டம் கெடும் என்ற அச்சத்துக்கும் ஆதாரமில்லை. முதல் வரைபடத்தில் டாக்டர் கிங் தொடக்கப்பள்ளிக்கு மிக அருகே வரவிருந்த வட்டச்சந்திப்பு, பெற்றோரும் உரிமை அமைப்புகளும் எதிர்த்த பிறகு பள்ளியிலிருந்து தொலைவுக்கு நகர்த்தப்பட்டது. கேட்டதால் திட்டம் மேம்பட்டது.

போக்குவரத்தையும் இதே அளவுகோலால் அளக்க வேண்டும். நகரில் ஏறத்தாழ நான்கில் ஒரு குடும்பத்திடம் கார் இல்லை. புதிய வேலைகள் வரப்போவது நகரத்துக்கு வெளியே, கிளேயில். பாலத்தை இடித்து அகன்ற தெருக்களை மட்டும் போட்டுவிட்டு, அந்த ஆலைவாசலுக்கு விடியற்காலை ஷிஃப்டுக்கும் நள்ளிரவு ஷிஃப்டுக்கும் பேருந்து விடாவிட்டால், கார் உள்ளவருக்குச் சாலை, இல்லாதவருக்கு வேடிக்கை என்ற பழைய ஏற்பாடே புதுத் தோற்றத்தில் தொடரும். சாலைக்குச் செலவிடுவதை முதலீடு என்றும், பேருந்துக்குச் செலவிடுவதை மானியம் என்றும் பேசும் பழக்கம் மாநில அரசியலில் ஊறிப்போனது. காரில்லாதவருக்குப் பேருந்துதான் சாலை. அதை அடிக்கடி ஓட்டுவது கருணை அல்ல, சாலை போடுவதைப் போன்ற கடமை.

இவை எல்லாவற்றையும் நல்லெண்ணத்தை நம்பி விட்டுவிட முடியாது என்பதைச் சமீபத்திய நிகழ்வே சொல்கிறது. நெடுஞ்சாலைகளால் பிளவுண்ட பகுதிகளைச் சீரமைக்கும் கூட்டாட்சித் திட்டத்தின் கீழ் 2024 மார்ச்சில் இந்தப் பணிக்கு 18 கோடி டாலர் அறிவிக்கப்பட்டது. வாஷிங்டனில் ஆட்சி மாறியது. 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டம், அத்திட்டத்தில் அதுவரை ஒப்பந்தத்தால் உறுதியாகாத நிதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. தேர்தலோடு வரும் வாக்குறுதி தேர்தலோடு போகும். சட்டத்தில் எழுதப்பட்ட உரிமையை அவ்வளவு எளிதில் பறிக்க முடியாது. ஆகவே ஆல்பனியில் கூடும் மாநிலச் சட்டமன்றம், பாலத்தின் நிலத்தை விற்பனைக்கு விடும் முன்பே, அதன் உடைமை, குடியிருப்போர் திரும்பும் உரிமை, மதிப்பு உயர்வில் வழியினரின் பங்கு, பேருந்துச் சேவை ஆகிய நான்கையும் சட்டமாக்க வேண்டும். நிலம் கைமாறிய பிறகு செய்யப்படும் எந்த அறிவிப்பும் ஆறுதல் வார்த்தையாகவே முடியும். பொதுநலம் என்ற பெயரால் சிலரின் வீட்டை எடுத்த அரசுக்கு, பொதுநலம் கைகூடும் நாளில் அவர்களை முதல் வரிசையில் நிறுத்தும் கடமை இருக்கிறது. அதைச் செய்யும்வரை அந்த நகரத்தில் பாலம்தான் போயிருக்கும். கடன் அப்படியே இருக்கும்.