கலாய் பூசிய சஹனும் கோப்பெங் மண்ணும்

 

உலக சரித்திரம் என்றதும் நம் பிள்ளைகளின் நினைவுக்கு வருபவை எவை? லண்டன், பாரிஸ், ரோமாபுரி. கொலம்பஸ், நெப்போலியன், எடிசன். கோப்பெங் என்ற பெயர் அந்த வரிசையில் ஒருநாளும் வந்ததில்லை. நாமும் நம் ஊரை, ஈப்போவுக்கும் கம்பாருக்கும் நடுவே பஸ் நின்று போகும் ஒரு சிற்றூர் என்றே எண்ணிப் பழகிவிட்டோம்.

பூமியில் பிரயாணம் செய்து, முன் சென்றவர்கள் எப்படி வாழ்ந்தார்கள், அவர்கள் முடிவு என்னவாயிற்று என்று பார்க்கும்படி அல்லாஹுத்தஆலா தன் திருமறையில் பல இடங்களில் நம்மை ஏவுகின்றான். பிரயாணம் என்றால் கப்பலேறித்தான் ஆக வேண்டுமா? இன்று நம் வீட்டு அடுப்பங்கரை வரை போய் வருவோம். அங்கிருந்தே உலகத்தின் பாதியைப் பார்த்துவிடலாம்.

கந்தூரிக்கும் கலியாணத்துக்கும் நெய்ச்சோறு ஆக்குகின்ற பெரிய செம்புத் தேக்சாக்களையும், நால்வர் கூடியிருந்து உண்ணும் சஹன்களையும் நம்மில் மூத்தவர்கள் நன்கறிவார்கள். வெறும் செம்பில் புளியும் தயிரும் பட்டால் களிம்பு ஊறும். உண்டவர் வயிறு கெடும். ஆகவே கலாய்க்காரரை அழைப்போம். அவர் பாத்திரத்தைத் தேய்த்து, தணலில் காய்ச்சி, நவச்சாரப் பொடி தூவி, வெள்ளீயத்தைத் தொட்டுவைத்து, பஞ்சினால் ஓர் இழுப்பு இழுப்பார். அந்தக் கணமே செம்பு வெள்ளிபோல் மினுங்கும். வெள்ளீயம் 232 டிகிரிச் சூட்டிலேயே உருகிவிடும் உலோகமாதலால் சிறு கரி அடுப்பே அவருக்குப் போதும். எவர்சில்வர் வந்த பிறகு கலாய்க்காரரைக் காண்பது அரிதாகிவிட்டது. அவருடைய தொழிலின் பெயர் மட்டும் நம் நாவில் நிற்கிறது.

அந்தப் பெயர்தான் இன்று நம்முடைய விஷயம். கலாய் என்பது அரபியில் 'கலயீ' என்ற சொல். உருதுவிலும் இந்தியிலும் அதுவே வழங்குகிறது. போர்ச்சுக்கீசியர் 'கலாயிம்' என்று கொண்டுபோனார்கள். இச்சொல் 'கலஹ்' என்ற துறைமுகத்தின் பெயரிலிருந்து பிறந்தது என்பது அறிஞர் பலர் கருத்து. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில், அதாவது கி.பி. 9ஆம் நூற்றாண்டில், நாடுகளின் வழிகளைப் பற்றி எழுதிய இப்னு குர்தாத்பிஹ் கலஹைக் குறிப்பிட்டு அங்கே ஈயச் சுரங்கம் உண்டென்கிறார். அடுத்த நூற்றாண்டில் அபூதுலஃபும் அதையே பேசுகிறார். அந்தக் கலஹ் எங்கே இருந்தது? நம் கெடாதான் என்பர் சிலர். அதற்கும் வடக்கே, இன்றைய தாய்லாந்தைச் சேர்ந்த தக்குவாபா என்பர் வேறு சிலர். எப்படியிருந்தாலும் இந்த மலாய்த் தீபகற்பத்துக் கரைதான், சகோதரர்களே! பக்தாதில் உட்கார்ந்து ஒருவர் வெள்ளீயத்தின் பெயரைச் சொன்னால், அவர் அறிந்தோ அறியாமலோ நாம் குடியிருக்கும் நாட்டின் பெயரைத்தான் சொன்னார்.

இந்த வழியில் அரபுகள் மாத்திரம் போகவில்லை. தக்குவாபாவில் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. ஒரு குளம் வெட்டியதையும், அதை மணிக்கிராமம் என்ற வணிகர் கூட்டத்தாரின் பாதுகாப்பில் விட்டதையும் அது கூறுகிறது. அவர்கள் நம் மார்க்கத்தவர் அல்லர். ஆனால் நம் மொழியினர். கடல் கடந்து சம்பாதிக்க வந்த இடத்தில் முதலில் தண்ணீருக்கு வழிசெய்தார்கள். செய்ததைக் கல்லில் எழுதியும் வைத்தார்கள். எழுதி வைத்ததனால்தான் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின் நாம் அவர்களைப் பற்றிப் பேசுகிறோம்.

இனி அந்த உலோகம் போன இடங்களைப் பாருங்கள். அதே 9ஆம் நூற்றாண்டில் பஸராக் குயவர்கள் சீனத்துப் பீங்கானைக் கண்டு மயங்கினார்கள். சீனத்து வெண்களிமண் அவர்கள் ஊரில் இல்லை. சும்மா இருந்தார்களா? வெள்ளீயத்தைச் சுட்டு வெண்பொடியாக்கி, அதை மெருகுக் கலவையில் சேர்த்து, சாதாரண மண்ணோட்டின்மேல் பூசிச் சூளையிட்டார்கள். பால் வெள்ளை! அந்த வித்தை மிஸ்ருக்கும், பின்னர் முஸ்லிம் ஸ்பெயினுக்கும், அங்கிருந்து இத்தாலிக்கும் ஹாலந்துக்கும் போயிற்று. ஐரோப்பிய மாளிகைகள் பெருமையோடு மாட்டிவைத்த தட்டுகளின் வெண்மைக்குப் பின்னால் பஸராக் குயவனுடைய கை இருக்கிறது. அவன் பெயரைத்தான் உலகம் அறியாது.

கி.பி. 973இல் குவாரிஸ்மில் பிறந்த அல்பிரூனி அவர்களைப் பெயரளவிலாவது நாம் அறிவோம். அவர் உலோகங்களின் கனத்தை அளக்க ஒரு பாத்திரம் செய்தார். அதில் விளிம்புவரை நீர் நிரப்பி, உலோகத் துண்டை உள்ளே இட்டு, மூக்கின் வழியே வழிந்த நீரை நிறுத்துப் பார்த்தார். தங்கம், வெள்ளி, செம்பு, இரும்பு, வெள்ளீயம் என்று ஒவ்வொன்றும் நீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது அதிலே தெரிந்தது. கிந்தாப் பள்ளத்தாக்கின் ஆறுகளில் முழங்கால் தண்ணீரில் நின்று டூலாங் சுழற்றிய பெண்களை நினைத்துப் பாருங்கள். மணல் அலையோடு ஓடிவிடும். கனத்த ஈயமண் தட்டின் அடியில் தங்கும். அல்பிரூனி ஏட்டில் எழுதிய அதே விதியை அவர்கள் கைகளால் அறிந்திருந்தார்கள். இரண்டும் இல்முதான்.

ஜெர்மனியில் கூட்டன்பர்க் 1450 வாக்கில் அச்செழுத்து வார்த்தபோது காரீயத்தோடு வெள்ளீயமும் கலந்தார். பிறகு வந்தது தகர டப்பா. பிரான்சில் நிக்கோலா அப்பேர் உணவைப் புட்டியில் அடைத்துக் கொதிக்கவைத்துக் கெடாமல் காக்கும் முறையைக் கண்டு, 1810இல் அரசாங்கத்திடம் பரிசு பெற்றார். அதே ஆண்டில் பீட்டர் டூராண்ட் என்பவர் இங்கிலாந்தில், புட்டிக்குப் பதிலாக வெள்ளீயம் பூசிய இரும்பு டப்பாவுக்கு உரிமை பதிவு செய்தார். 1813இல் லண்டனில் டப்பா உணவுத் தொழிற்சாலையே நடந்தது. (டப்பாவைத் திறக்கும் கருவிக்கு அமெரிக்காவில் 1858இல்தான் உரிமை பதிவாயிற்று! அதுவரை உளியும் சுத்தியலும்தான். முதலில் பூட்டைச் செய்துவிட்டுப் பிறகு சாவியைத் தேடுவது மனிதனுடைய வழக்கம்.)

டப்பா பெருகப் பெருக உலகத்துக்கு வெள்ளீயத்தின் பசி பெருகிற்று. அந்தப் பசிதான் கோப்பெங்கை உலகப் படத்தில் ஏற்றியது. சீனத்து ஹக்கா மக்களும் கந்தோன் மக்களும் திரள் திரளாய் வந்து இந்தப் பள்ளத்தாக்கைத் தோண்டினார்கள். ஈயத்துக்குப் பேர்போன கார்ன்வால் நாட்டின் முதல், 1890களில் ஆஸ்பர்ன் என்பவர் மூலமாகக் கோப்பெங் கம்பெனியாக இங்கு வந்தது. மலை ஆற்று நீரைப் பெருங்குழாய்களில் இறக்கி, அந்த வேகத்தாலேயே மண்ணைப் பீறி உடைத்தார்கள். கரைந்த சேறு பலகைப் பாலோங்கில் ஓட, ஈயமண் தடுப்புகளில் படிந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலக வெள்ளீயத்தில் ஏறத்தாழப் பாதி மலாயாவினுடையது. மலாயாவில் மிகுதி கிந்தாவினுடையது.

சுரங்கக் கூலிகளுக்கு உடல்வலிக்கும் மனவலிக்கும் கிடைத்த மருந்து அபின் ஒன்றே. அந்த வேதனையைக் கண்ட யூ கோங் என்ற சீனர், 1879இல் நம் கோப்பெங்கில் ஒரு மூலிகைக் கடை திறந்தார். 'யான் சாங்' என்று பெயர் வைத்தார். மனித குலத்தைப் பேணுதல் என்பது அதன் கருத்து. இன்று பல நாடுகளில் கிளை பரப்பியுள்ள யூ யான் சாங் நிறுவனத்தின் வேர் நம் கடைத்தெருவில் இருக்கிறது. நற்செயல் எவர் கையிலிருந்து வந்தாலும் அதைச் சொல்ல ஒரு முஸ்லிம் தயங்கலாகாது.

பிறகு நடந்ததையும் சொல்லவேண்டும். 1985 அக்டோபர் 24ஆம் தேதி, விலையைத் தாங்கிப் பிடித்திருந்த சர்வதேச வெள்ளீயக் கவுன்சிலின் கையிலிருந்த பணம் தீர்ந்தது. லண்டன் உலோகச் சந்தையில் வெள்ளீய வியாபாரம் நின்றது. 1989 வரை அங்கே அது தொடங்கவில்லை. விலை பாதாளத்தில் விழுந்தது. இங்கே சுரங்கம் சுரங்கமாக மூடப்பட்டது. பிள்ளைகள் வேலை தேடிக் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். நூறாண்டு ஓசை ஓய்ந்தபின் மிஞ்சியவை ஈயக் குட்டைகள். தன் தோட்டத்தையும் செல்வத்தையும் நிரந்தரம் என்று நம்பியவனுடைய கதையை ஸூரத்துல் கஹ்ஃபில் வெள்ளிதோறும் ஓதுகிறோமே, அதை அந்தக் குட்டைக் கரையில் நின்று ஒருமுறை நினைத்துப் பார்த்தால் பொருள் இன்னும் நன்றாய் விளங்கும். வெள்ளீயம் மட்டும் மதிப்பிழந்துவிடவில்லை. நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் உள்ள கைத்தொலைபேசியின் உறுப்புகளை ஒட்டவைத்திருக்கும் பற்றாசில் பெரும்பங்கு அதுவே.

சகோதரர்களே! இத்தனையிலும் பெயர் நிலைத்தவர்கள் எத்தனை பேர்? நம் ஊருக்கும் பத்து காஜாவுக்கும் இடையில் கெல்லி ஸ்மித்தின் மாளிகை நிற்கிறது. ஸ்காட்லாந்திலிருந்து வந்து ரப்பரில் பொருள் ஈட்டிய அவர், அதைக் கட்டி முடிக்குமுன்னே 1926இல் லிஸ்பனில் இறந்துபோனார். குடியிருக்காத வீட்டுக்கு அவர் பெயர் இருக்கிறது. செங்கல் சுமந்து காய்ச்சலில் மடிந்த தமிழ்க் கூலிகளின் பெயர்கள் எங்கே? கூலியைத் தாமதிப்பதையே கண்டித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்தினர், உழைத்தவனுடைய பெயரை மறந்திருக்கலாமா?

நம் கதை வேறா? ஈப்போவில் 1908இல் ஷெய்கு ஆதம் என்ற வணிகர் கட்டிய இந்திய முஸ்லிம் பள்ளிவாசல் இருப்பதால் அவர் பெயர் இருக்கிறது. கோப்பெங்கிலும் சுற்றுப்புறத் தோட்டங்களிலும் ஒட்டுக்கடை வைத்தும், தலையில் துணிமூட்டை சுமந்தும், சம்பள நாளுக்குக் கடன் எழுதியும் பிழைத்த நம் பாட்டனார்கள் எங்கே எழுதப்பட்டிருக்கிறார்கள்? அவர்களுடைய பழைய கணக்குப் பேரேடுகளில்! ஊருக்கு எழுதிய கடிதங்களில்! கபுருஸ்தானின் மீஸான் கற்களில்! அவற்றுள் பல அரபுத் தமிழில் எழுதியவை. பேரப்பிள்ளைகளுக்கு அரபு எழுத்து ஓதத் தெரிகிறது, தமிழ் பேசத் தெரிகிறது. இரண்டும் சேர்ந்த ஏட்டைக் கண்டால் கிதாபோ என்று கண்ணில் ஒற்றி மூலையில் வைத்துவிடுகிறார்கள். கறையான் அதை மெதுவாய் வாசித்துக்கொண்டிருக்கிறது.

ஆகவே வீடு மாற்றும்போதும் பழைய கடையை இடிக்கும்போதும் இத்தகைய தாள்களை எரித்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். எடுத்து வாருங்கள். வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் இரண்டொருவர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள், அவர்களுக்கும் வயதாகிறது. ஜும்ஆ முடிந்தபின் அரைமணி நேரம் அவர்கள் வாசிக்க, நம் பிள்ளைகள் இன்றைய தமிழில் எழுதிக்கொள்ளட்டும். அரிசி இத்தனை கட்டி, இன்னார் பாக்கி இத்தனை வெள்ளி, இன்ன லயத்துக்காரர், இன்ன ஊரார் என்று எது இருந்தாலும் விடாமல் எழுதட்டும். மீஸான் கற்களில் மழையால் தேய்ந்துவருபவற்றை முதலில் பார்க்கவேண்டும்.