செய்தியைக் கொண்டு வந்தவர் யார்?



"பொய் பரப்பும் கணக்கை எப்படி அடையாளம் காண்பது ஹஜ்ரத்?" என்று ஓர் இளைஞர் கேட்டார். படம் இல்லை, பெயர் இல்லை, நேற்றுத் தொடங்கியது. அதை நம்பாதீர்கள் என்று சொல்லிவிடலாம். முஹத்திஸ்களும் 'மஜ்ஹூல்', அதாவது இன்னார் என்று அறியப்படாதவர், சொன்ன ஹதீஸை ஏற்கவில்லை.

ஆனால் 2018-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த எம்.ஐ.டி. ஆய்வைப் பாருங்கள். ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய சுமார் 1,26,000 செய்தித் தொடர்களை ஆராய்ந்தார்கள். பொய்யைப் பரப்பிய கணக்குகள் பொதுவாகப் புதியவை, பின்தொடர்பவர்களும் குறைவு. அப்படியிருந்தும் உண்மையைவிடப் பொய்யே வேகமாக, அதிகத் தூரம் போனது. தானியங்கிக் கணக்குகளைக் கழித்துப் பார்த்தாலும் அதே முடிவுதான். சுமந்து போனவர்கள் மனிதர்கள்.

நம் இமாம்கள் இதை அறிந்திருந்தார்கள். அறிவிப்பாளரிடம் நேர்மையை மட்டும் அவர்கள் பார்க்கவில்லை. 'ழப்த்', கேட்டதைப் பிசகாமல் காக்கும் தன்மை, இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். மஸ்ஜிதுந் நபவியில் அமர்ந்து ஹதீஸ் சொன்ன நல்லடியார்கள் பலரிடம் இமாம் மாலிக் (ரஹ்) ஹதீஸ் எடுக்கவில்லை. பொய்யர்கள் என்பதாலா? இல்லை. அவர்களுக்கு அது கைவந்த துறை அல்ல.

அன்னை ஆயிஷா (ரலி) மீதான அவதூறைக் கிளப்பியவர்கள் நயவஞ்சகர்கள். அதில் நாவை விட்டவர்களில் பத்ருப் போரில் கலந்துகொண்ட மிஸ்தஹ் (ரலி) அவர்களும் இருந்தார்கள். நாவிலிருந்து நாவுக்கு வாங்கிக்கொண்டதையும், அதை அற்பமாக எண்ணியதையும் அல்லாஹ் கண்டிக்கிறான் (24:15).

வாட்ஸ்அப்பில் நிலைமை இன்னும் மோசம். அங்கே அனுப்புபவர் மாமாவும் மச்சானும்தான். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், பிள்ளை பிடிப்பவர் என்ற வதந்தியால் ஒரு வயதான பெண்ணைக் கூட்டம் அடித்தே கொன்றது. சாமி கும்பிடப் போன பெண். அந்த வதந்தியை ஃபார்வர்டு செய்தவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகள்மீது பாசமுள்ள பெற்றோராகத்தான் இருந்திருப்பார்கள்.

நானும் தப்பவில்லை. முதல் ஸஃப்பில் நிற்கும் ஒரு பாய் அனுப்பிய வீடியோவை இரண்டு குரூப்புகளுக்கு அனுப்பிவிட்டேன். பிறகு உறுத்தியது, விசாரித்தேன். "மச்சான் அனுப்பினான், அவன் பொய் சொல்ல மாட்டான்" என்றார். மச்சானைக் கேட்டால், "ஏதோ குரூப்ல வந்துச்சு" என்றார். இஸ்னாது அங்கேயே அறுந்துபோனது. அழித்துவிட்டு, தவறு என்று இரண்டு குரூப்பிலும் எழுதினேன். ஹஜ்ரத்தே அனுப்பியது என்று நம்பி அதற்குள் எத்தனை பேர் மேலே அனுப்பினார்களோ, அல்லாஹ்வே அறிவான்.